வந்த நோக்கம்

சி ஃபாரத்தை முன்கூட்டியே எழுதி வைத்தது என் தப்பு.
வெளிநாட்டார் வந்து இறங்கினால்
ஒரு நாளைக்குள் போலீசுக்குப் போகவேண்டிய கணக்கு அது.
ஆள் வருவதற்குள் பாதி நிரப்பிவிட்டேன்:
இத்ரீஸ் பொயாதி. ஐம்பத்தெட்டு.
குஷ்டியா பக்கம் ஏதோ ஆற்றங்கரை.
வந்த நோக்கம்: தொண்டை.

தொண்டைன்னா எழுதுவாங்க,
சிகிச்சைன்னு போடுய்யா என்றார் முதலாளி.
அடித்தேன். எழுதினேன்.
இப்போது இரண்டையும் அடித்துவிட்டு
மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

சி.எம்.சி.க்கு எதிர்ச்சந்தில் எங்கள் லாட்ஜ்.
மாடிக்கு மாடி கடுகெண்ணெய்ப் புகை.
பலகையில் தமிழுக்கு மேலே வங்காளம்.
பதினோரு வருஷத்தில்
வலி, ரத்தம், பில், கடன், எப்போது வீட்டுக்கு
எல்லாவற்றுக்கும் அந்த மொழியில் எனக்குச் சொல் உண்டு.
தடை என்பதற்கு மட்டும் இல்லை.
முந்தாநாள் போனில் அவர் மகள் மொய்னா கொடுத்தாள்:
நிஷேத்.

ஒரு பாட்டுதான் காரணமாம்.
எந்தத் தாளிலும் அப்படி எழுதியில்லை.
பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்த கவுண்ட்டர் ஆள்
தலை நிமிராமல்
அதன் முதல் அடியை முணுமுணுத்தானாம்.

போன வாரம் அவரே பேசினார்.
உங்க ஊரில் ஆறு உண்டா?
உண்டு, காட்பாடியில் இறங்கி வரும்போது
பெரிய பாலம் வரும், அதுதான் பாலாறு,
தண்ணீரைத் தேடாதீர்கள் என்றேன்.
சிரித்தார். சிரிப்பு பாதியில் கிழிந்து
இருமலாகி
வெகுநேரம் நிற்கவில்லை.

ஆறாம் அறை சில்ஹெட்காரர், டயாலிசிஸ்,
நல்லதுதான் என்றார்.
எங்க ஊர்லயும் அவன் மேடையைக் கொளுத்தினோம்,
வாய் சும்மா இருக்காது அவனுக்கு.
ஒன்பதாம் அறை திரிபுரா அம்மா
மீன் அரிவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்:
பதினாலு காலியா?
அங்கே ஜன்னல் நல்லா திறக்கும்.

அண்ணன் முனிரத்தினம் சனிக்கிழமை வந்தான்.
கம்மவான்பேட்டை எங்களுக்கு.
வீட்டுக்கொரு டிரங்குப் பெட்டி,
பெட்டிக்குள் மடித்த காக்கி.
ஆறு வருஷம் அந்த எல்லையில் நின்றவன்.
சொன்னதுமே,
விடக் கூடாதுடா இவனுங்கள உள்ள என்றான்.
பாட்டைக் கேட்டிருக்கியா?
எதுக்கு?

போட்டேன்.
ஒற்றைத் தந்தி, கஞ்சிரா போல ஒன்று,
மணலில் இழுத்த படகு மாதிரி அந்தக் குரல்.
அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தேன்:
மாடு ஓட்டிப்போன பையன்.
வேலியோரம் கிடக்கிறான்.
தாய் வந்து, அழவில்லை,
துப்பாக்கிக்காரனைப் பார்த்துக் கேட்கிறாள்,
டார்ச் அடித்து முகம் பார்த்துத்தானே சுட்டாய்,
பசித்திருப்பாய்,
சாப்பிட்டாயா, மகனே.

எனக்கே பிடிக்காத அடி அது.
சாபம் கொடுத்திருக்கலாம் அவள்.

இன்னொரு தரம் போடு என்றான் அண்ணன்.
போட்டேன்.
டீயின் மேல் ஆடை கட்டியது.
வெளியே ஆட்டோக்காரன்
ரிப்போர்ட் கவரோடு ஒரு குடும்பத்தை இறக்கி
சில்லறைக்குச் சண்டை போட்டான்.

டார்ச் அடிக்கல, என்றான்.
அந்த இடம் தப்பாப் பாடறான்.

நான் கேட்கவில்லை.
கேட்கிற ஆளும் இல்லை நான்,
சாவி கொடுக்கிறவன்.
மூன்றாம் நம்பர் பஸ் வந்துவிடும் என்று
வராத பஸ்ஸுக்கு எழுந்து போனான்.

செவ்வாய் எட்டு நாற்பதுக்கு அவருக்கு டாக்டர்.
அந்த நேரம் பார்த்து
பதினாலை அசாம் தம்பதிக்குக் கொடுத்தார் முதலாளி.
முன்பணம் முந்நூறைத் திருப்ப வழி தெரியவில்லை,
டிராயரில் ரப்பர் பேண்டு போட்டிருக்கிறது.

அன்று ராத்திரி ஒரு மணிக்கு போன்.
அண்ணன்.
தூங்கலையா என்றேன்.
ஊரில் நாய் குரைக்கிறது, அவன் மூச்சு கேட்கிறது.

அந்த ஆளுக்கு, என்றான்,
தொண்டையில என்னவாம்?